எலும்பை எட்டிய புண்

நீரிழிவுப் பாதத்தின் எலும்புத் தொற்று வரலாற்றை நுண்ணுயிர்க்கொல்லிகளின் வரலாறாகவே எழுதிவருகிறோம். அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று தொழுநோய் மருத்துவத்தில் இருக்கிறது.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதம் தானாக அழுகுவதில்லை, வலியுணர்வு அற்றுப்போய்ப் புண்மீதே நடப்பதால்தான் சிதைகிறது என்று கண்டார். (தொழுநோயாளரைத் தொடவே அஞ்சிய காலம் அது.) பாதத்தோடு ஒட்ட வார்த்த மாவுக்கட்டு உடல் எடையைப் பரப்பித் தாங்க, புண்கள் ஆறின. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு அவர் சென்றபின், இம்முறை நீரிழிவாளருக்கும் பயன்பட்டது.

எலும்பில் தொற்று ஏறிவிட்டால் கட்டு மட்டும் உதவாது. புண்ணுக்குள் மழுங்கிய உலோகக் கம்பியை நுழைத்து எலும்பு தட்டுப்படுகிறதா என்று அறியும் எளிய சோதனையின் பயனைக் கிரேசன் குழுவினர் 1995இல்தான் ஆய்வாக வெளியிட்டனர். மருந்தா, அறுவையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எதைத் தேர்ந்தாலும், வேலூரில் கேட்ட கேள்வியே மிஞ்சுகிறது: அந்தப் பாதம் நாளை எதன்மீது ஊன்றப்போகிறது?