பரதேசி வாழ்வு

கிறிஸ்தவர் இவ்வுலகை நிலையான வீடாகக் கொள்ளாமல், வழிப்போக்கராக வாழ்ந்து பாவ இச்சைகளை விலக்க வேண்டும் என்னும் கோட்பாடு. பேதுருவின் முதலாம் நிருபம், 2ஆம் அதிகாரம், 11ஆம் வசனம் இதன் முதன்மை ஆதாரம்.

பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா முதலிய, இன்றைய துருக்கியைச் சேர்ந்த பகுதிகளில் சிதறி வாழ்ந்த விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது அந்நிருபம். குடிவெறியையும் காமக் களியாட்டத்தையும் விடச் சொல்கிறது. ஊரை விட்டு ஒதுங்கச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் முன் நன்னடத்தை, ஆள்வோருக்குக் கீழ்ப்படிதல், முணுமுணுக்காத உபசரிப்பு ஆகியவற்றையே வலியுறுத்துகிறது.

தமிழில் இக்கருத்துக்குக் காப்பிய வடிவம் தந்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவிய அவரது ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் அச்சேறியது.

காப்பியத்தில் உருவகமான பரதேசி வாழ்வு, பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் அன்றாட நடப்பு. இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் பெருகி வந்த ஈழத்தமிழரின் மளிகை, புடவை, நகைக் கடைகள் ஃபோபூர் சான் தெனி தெருவை நிறைத்தன. சற்றுத் தொலைவில் உள்ள சான் பெர்னார் தேவாலயத்தில் 1996 ஜூன் 28 அன்று, வதிவிட அனுமதி கோரிய ஏறத்தாழ 300 ஆப்பிரிக்கர் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் இஸ்லாமியர் பலர்; சிலர் உண்ணாவிரதமும் இருந்தனர். பங்குத்தந்தை ஆன்ரி குவாந்தே அவர்களை வெளியேற்றவில்லை.

ஆகஸ்ட் 23 காலை, போலீசார் கோடரியால் கதவைப் பிளந்து நுழைந்தனர். மறு ஆண்டு ஜூனில் பிரெஞ்சு அரசு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நாடெங்கும் சுமார் 80,000 பேருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது.