கருஞ்சேற்றின் வரலாறு

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் 'டெல்ப்ட்'. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியவர்கள், தம் நாட்டு நகரமொன்றின் பெயரை நமது தீவொன்றுக்குச் சூட்டிச் சென்றார்கள். அந்த மூல டெல்ப்ட் நகரில்தான் 1895இல் மார்ட்டினஸ் பெய்யரிங்க் என்ற நுண்ணுயிரியலாளர், ஒட்சிசன் இல்லாத இடத்தில் சல்பேற்றைக் கொண்டு 'சுவாசித்து', அழுகிய முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டை வெளிவிடும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார். தேங்கிய நீரின் அடியிலுள்ள சேறு ஏன் கறுக்கிறது, ஏன் நாறுகிறது என்பதற்கு விஞ்ஞானம் கண்ட முதற் தெளிவான விடை அது. பண்ணைப் பாலத்தடியிலும் நாவாந்துறைக் கரையிலும் வற்றுநீர்க் காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும் எவருக்கும் அந்த விடை சொந்தமானது.

குடாநாட்டைப் பற்றி நாம் எழுதிய வரலாறு பெரும்பாலும் நிலத்தின் வரலாறு. மன்னர், கோட்டை, கோயில், பாடசாலை, காணிச் சட்டம் என்று அது விரியும். பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த ஆண்டுகளில் கடல்நீரேரி பற்றிச் செய்தி மேசைக்கு வந்தவையும் மீன், இறால், படகு, எல்லைத் தகராறு என்ற அளவிலேயே நின்றன. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளாலியில் இரவோடிரவாகப் படகேறியபோது அந்நீர்ப்பரப்பு உலகச் செய்தியாயிற்று. அந்த நீருக்கு அடியில் கிடக்கும் சேற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை எழுதியவர்கள் பொறியியலாளர்கள், விவசாயிகள், நகரவாசிகள். எழுதுகிறோம் என்று அறியாமலே எழுதியவர்கள்.

முதலில் சேற்றின் அமைப்பைப் பார்ப்போம். ஆழங்குறைந்த கடல்நீரேரியின் அடிப்படிவில் ஒட்சிசன் இறங்குவது சில மில்லிமீற்றர் மட்டுமே. மேற்படையில் வாழும் நுண்ணங்கிகள் அதை உடனே தீர்த்துவிடுகின்றன. அதற்குக் கீழே நைத்திரேற்றைச் சுவாசிப்பவை, பின்னர் மங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஒட்சைட்டுகளைப் பயன்படுத்துபவை, அவற்றுக்கும் கீழே சல்பேற்றை நம்பி வாழ்பவை, இறுதியாக மெதேன் வாயுவை உண்டாக்குபவை என்று படிப்படியாகக் குடியிருப்புகள் அமைகின்றன. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று உண்டு. கரைந்த ஒட்சிசனோ சில மில்லிகிராம்தான். எனவே கடற்சேற்றின் பெரும் பணி சல்பேற்று உண்ணிகளின் கையில் விழுகிறது. டென்மார்க்கின் ஆழமற்ற கரையோர நீர்நிலைகளை ஆராய்ந்த போ பார்க்கர் யோர்கென்சன், அங்கே அடிப்படிவில் சிதையும் சேதனப் பொருளில் பாதியளவு இவ்வழியாகவே சிதைகிறது என்று காட்டினார். வெளிவரும் சல்பைட்டு இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்பைட்டாகிறது. சேற்றின் கறுப்பு நிறம் அதுதான்.

இன்னொரு வியப்பும் அதே டென்மார்க்கிலிருந்து வந்தது. ஆகுஸ் குடாவின் சேற்றில் மின்னோட்டம் பாய்வதை 2010இலும், அதைக் கடத்துபவை பல்லாயிரம் கலங்கள் நூல்போல் இணைந்த, சென்ரிமீற்றர் கணக்கில் நீளும் பற்றீரியாக்கள் என்பதை 2012இலும் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கீழேயுள்ள சல்பைட்டிலிருந்து இலத்திரன்களை எடுத்து மேலேயுள்ள ஒட்சிசனுக்குக் கடத்தும் உயிருள்ள மின்கம்பிகள் அவை. நச்சு வாயு மேலே வந்து மீனைக் கொல்லாமல் தடுக்கும் காவலும் அவற்றால் கிடைக்கிறது. உயிரற்ற அழுக்கு என்று நாம் ஒதுக்கும் பொருளுக்குள் இத்தனை ஒழுங்கு இருக்கிறது.

இனி நமது கதை. வடமராட்சிக் கடல்நீரேரி வடக்கே தொண்டைமானாற்றில் கடலைத் தொடுகிறது. உப்பாறு தெற்கே அரியாலைப் பக்கம் யாழ்ப்பாணக் கடல்நீரேரியோடு சேர்கிறது. கிழக்கே ஆனையிறவுக் கடல்நீரேரி சுண்டிக்குளத்தில் கடலை நோக்குகிறது. கரணவாய்ப் பகுதியில் விளைந்த உப்பைக் கொண்டுசெல்வதற்காகச் சோழர் தளபதி கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த வழியே தொண்டைமானாறு என்பது மரபுவழிச் செய்தி. அந்த மரபை ஏற்றாலும் விட்டாலும் ஒன்று தெளிவு: பழைய நினைவில் மனிதன் இந்த நீருக்குச் செய்தது வழியைத் திறந்தது.

இருபதாம் நூற்றாண்டு வழிகளை மூடிற்று. ஆனையிறவைக் கடந்த வீதியும், 1905இல் யாழ்ப்பாணத்தைத் தென்னிலங்கையோடு இணைத்த இருப்புப்பாதையும் நீரோட்டத்துக்குக் குறுக்கே அணைகளாயின. தீவுகளுக்குச் செல்லும் தாம்போதிகளும் அவ்வாறே. பின்னர் வந்தது 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற பெருங்கனவு. கிணறுகள் உவராகி வருவதைக் கண்ட பலர் அதற்கு முன்பே கடல்நீரேரிகளை நன்னீராக்க யோசனை கூறியிருந்தார்கள். அவற்றை ஒருங்கிணைத்து 1954இல் முழுத் திட்டமாக வரைந்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். கனகராயன் ஆற்று வெள்ளத்தை ஆனையிறவில் தேக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து உப்பாற்றுக்கும் விடுவது அவர் எண்ணம். 1953இல் தொண்டைமானாற்றுத் தடுப்பணையும் 1955இல் அரியாலைத் தடுப்பணையும் நிறைவு பெற்றன. 1960களில் ஆனையிறவில் வேலைகள் நடந்தன. ஆயினும் முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. கதவுகள் பழுதடைந்தன, போர் வந்தது, பராமரிப்பு நின்றது.

கனவைக் குறைகூற நான் முன்வரவில்லை. ஆறில்லாத நாட்டில் ஆறு வேண்டும் என்று விரும்பியது பேராசையன்று. ஆனால் பாதி முடிந்த திட்டம் சேற்றைப் பொறுத்தவரை முழு மாற்றம். உப்புநீர் வரத்து குறைந்தால் சல்பேற்று குறையும். சல்பேற்று உண்ணிகள் பின்வாங்க, மெதேன் ஆக்கிகள் முன்வரும். மீண்டும் கடல்நீர் புகுந்தால் சல்பைட்டு எழும். நீர் தேங்கினால் ஒட்சிசன் குறையும்; நண்டும் புழுவும் துளைகள் இட்டுச் சேற்றுக்குக் காற்றூட்டுவது நிற்கும். மாரியில் நன்னீரும் கோடையில் கடும் உவருமாக மாறிமாறி அமையும் இடத்தில் இந்த ஏற்ற இறக்கம் இயற்கையாகவே உண்டு. கதவு அதைக் கூட்டலாம், குறைக்கலாம். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற முடிவு கிணற்று நீரோடு சேற்றையும், சேற்றோடு இறாலையும், இறாலோடு கடற்றொழிலாளர் குடும்பங்களையும் தொடுகிறது.

இவற்றோடு அழுக்கு சேர்ந்தது. நெடுங்காலம் மலசலகூடக் குழிகளையே நம்பியிருந்த நகரத்தின் கழிவும், வாய்க்கால் வழியே வரும் கழிவுநீரும் இறுதியில் கடல்நீரேரிக்கே செல்கின்றன. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளைந்த வலிகாமத்துச் செம்மண்ணில் இட்ட உரம் சுண்ணக்கற் பாறைகளினூடே இறங்கிற்று. கிணற்று நீரில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை 1980கள் முதல் ஆய்வுகள் சுட்டிவந்திருக்கின்றன. நிலத்தடி நீர் கடல்நீரேரிக்குள் கசியும் இடத்தில் அந்த நைத்திரேற்றைத் தீங்கற்ற நைதரசன் வாயுவாக்கி வானத்துக்கு அனுப்புபவை இதே சேற்றின் நுண்ணங்கிகளே. கூலி கேட்காத சுத்திகரிப்பு நிலையம் என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் அந்நிலையத்துக்கும் கொள்ளளவு உண்டு. கழிவு மிஞ்சினால் சல்பைட்டு பெருகும். பெருகிய சல்பைட்டு நைத்திரேற்றை அகற்றும் வேலையைக் குழப்பும். உலோகக் கழிவு சேர்ந்தால் இன்னொரு ஆபத்து. 1956இல் வெளிப்பட்ட மினமாட்டா நோயை வாசகர்கள் அறிவீர்கள். அங்கே மெதைல் பாதரசத்தைக் கடலில் கொட்டியது தொழிற்சாலை. சாதாரண பாதரசத்தையும் அந்நஞ்சாக மாற்ற அடிப்படிவு நுண்ணங்கிகளால் இயலும் என்பதை 1969இல் சுவீடனின் ஆய்வாளர்கள் யென்சனும் யேர்னலவும் காட்டினார்கள். அதில் முக்கிய பங்கு சல்பேற்று உண்ணிகளுக்கு என்பது பின்னர் தெளிவாயிற்று. சேற்றில் போட்டது சேற்றோடு போயிற்று என்ற நம்பிக்கை அன்றே பொய்த்துப்போனது.

2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அதனால் கடல்நீரேரிகளை நன்னீர்த் தேக்கமாக்கும் விவாதம் ஓய்ந்துவிடப் போவதில்லை. கிணற்றையும் வயலையும் நம்பியோர் அதை மீண்டும் எழுப்புவார்கள், எழுப்பவும் வேண்டும். அப்போது மேசைமேல் விரியும் வரைபடத்தில் நீர்மட்டத்தின் உயரமும் கதவின் அகலமும் குறிக்கப்பட்டிருக்கும். அடிச்சேற்றின் மாதிரி எடுக்கப்பட்டதா, எந்தப் பருவத்தில், எந்த ஆழத்தில், அதில் சல்பைட்டும் உலோகங்களும் எவ்வளவு என்ற கேள்விகளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் கடற்றொழிற் சங்கத்தாரும் அந்த மேசையில் வைத்துக் கேட்க வேண்டும். 1954இல் அவற்றைக் கேட்கும் வசதி குறைவு. இன்று கருவியும் அறிவும் இருக்கின்றன. கேட்பதற்கு ஆள்தான் வேண்டும்.