கொடுப்பதும் பறிப்பதும்: பசுமலையில் ஆங்கிலம்

1855இல் மதுரையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது: பசுமலை செமினரியில் இனி ஆங்கிலம் கற்பிப்பதில்லை. முடிவெடுத்தவர்கள் தமிழ்ப் புலவர்கள் அல்லர், அமெரிக்க மிஷனரிகள். பாஸ்டனிலிருந்து ஆய்வுக்காக வந்திருந்த அமெரிக்கன் போர்டின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் முன்னின்று நடத்திய காரியம் இது. மெக்காலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பில் தொடங்கி ‘வெள்ளைக்காரன் திணித்தான்’ என்று முடித்துவிடுகிற நமது வழக்கமான கதையாடலுக்குள் இந்தச் சம்பவம் அடங்குவதில்லை. அதனாலேயே பேசப்படாமலும் கிடக்கிறது.

அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்தது. மிஷனரிகளோடு வட்டுக்கோட்டை செமினரியில் படித்த தமிழர்களும் உதவியாளர்களாக வந்தார்கள். வட்டுக்கோட்டையின் முதல்வராக இருந்த டானியல் பூர் 1836 முதல் 1841 வரை மதுரையில் இருந்து பள்ளிகளைத் திறந்துகொண்டே போனார். 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. சமணர் ஏவிய மாயப்பசு விழுந்து மலையானது என்று திருவிளையாடல் கதை சொல்கிற அதே மலையின் அடிவாரம்தான்.

வட்டுக்கோட்டை மாதிரியில் ஒரு விஷயம் முக்கியம். அங்கே ஆங்கிலம் தமிழை வெளியே தள்ளிவிட்டு உட்காரவில்லை. தமிழ் இலக்கணமும் இலக்கியமும் ஒரு பக்கம், கணிதமும் வானவியலும் இன்னொரு பக்கம் என்று இரண்டு மொழியிலும் பையன்கள் புழங்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை இருவரும் அங்கே படித்தவர்கள். பிறகு தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்பவர்களுக்கு இந்த ஒரு ஆள் போதும்.

ஆண்டர்சனின் தர்க்கத்தைக் கொச்சைப்படுத்திப் பார்க்க வேண்டியதில்லை. சுதேசிச் சபை தன் காலில் நிற்க வேண்டும், அதன் போதகர் தன் மக்கள் மொழியில் பேச வேண்டும், மிஷனின் வேலை நாகரிகம் பரப்புவது அல்ல என்று சொன்னவர் அவர். காலனியச் சூழலில் இது சாதாரண குரல் அல்ல. ஆனால் இதற்குள்ளேயே இன்னொரு கணக்கும் இருந்தது. நம்மூர்ப் பேச்சில் சொல்வதானால், ‘இங்கிலீஷ் படிச்சா பய ஊர்ல தங்கமாட்டான், கச்சேரி உத்தியோகத்துக்குப் போயிருவான், இருந்தாலும் சம்பளம் கூடக் கேப்பான்.’ கிராமத்திலேயே குறைந்த சம்பளத்தில் தங்குகிற உபதேசியும் வாத்தியாரும்தான் தேவைப்பட்டார்கள். தாய்மொழிப் பற்றும் கூலிக் கணக்கும் ஒரே தீர்மானத்தில் கைகோத்துக்கொண்டதுதான் கவனிக்க வேண்டியது. இந்தக் கூட்டு அதோடு முடிந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

இந்த முடிவு யார் தலையில் விழுந்தது? 1855இல் வட்டுக்கோட்டை செமினரியும் மூடப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே அங்கு வட்டுக்கோட்டை உயர்நிலைப் பள்ளி எழுந்தது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. நிலமும் காசும் உள்ள சாதி, சம்பளம் கட்டிப் படிக்க வைக்க முடிந்தது. மதுரைச் சமவெளியில் நிலைமை வேறு. இங்கே 1847இல் மிஷன் சமபந்தி உணவை வற்புறுத்தியபோது சாதியை விட மனமில்லாமல் செமினரி மாணவர்கள் பலர் வெளியேறியிருந்தார்கள். சாதியின் பேரால் மேலேயுள்ளவர்கள் விலகிய இடத்தில், எட்டே வருடத்தில் கிராமத்தின் பேரால் ஆங்கிலமும் விலக்கப்பட்டது. காசு கட்டி வேறு பள்ளி தொடங்க முடியாதவர்களுக்கு அந்தத் தீர்மானமே கடைசி வார்த்தை.

இன்னொரு முரண். அதே அமெரிக்கன் போர்டைச் சேர்ந்த மைரன் வின்சுலோ 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு தமிழ்-ஆங்கில அகராதியை 1862இல் சென்னையில் வெளியிட்டார். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிற பாதை அச்சில் தயாராக வந்துகொண்டிருந்தபோது, நடந்துபோக வேண்டிய பிள்ளையை வாசலில் நிறுத்திவைத்திருந்தார்கள்.

பிறகு ஆங்கிலம் திரும்பி வந்தது. 1870இல் பசுமலைக்கு வந்த ஜார்ஜ் வாஷ்பர்ன் காலத்தில் உயர்நிலைப் படிப்பு வளர்ந்து, 1881இல் கல்லூரியும் வந்தது. 1904இல் கல்லூரி மதுரை நகரத்துக்குப் போய் அமெரிக்கன் கல்லூரியானது. பசுமலையில் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் இறையியலும் தங்கின. பறித்தபோதும் சரி, திரும்பக் கொடுத்தபோதும் சரி, கேள்வி ஒன்றாகவே இருந்தது: கொடுப்பதா, வேண்டாமா? தமிழைத் தவிர வேறு பேச்சே காதில் விழாத வீட்டிலிருந்து வருகிற பிள்ளை இன்னொரு மொழிக்குள் எப்படிக் கால் வைக்கும், யார் கை கொடுப்பது என்ற கேள்வி தீர்மானங்களுக்குள் வரவேயில்லை.

நாமும் அந்த இடத்தில்தான் நிற்கிறோம். 1999இல் ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழிவழி என்ற அரசாணை, 2000இல் அதற்கு நீதிமன்றத் தடை, 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் பரவலாக ஆங்கிலவழிப் பிரிவுகள். சண்டை எல்லாம் பயிற்றுமொழியைப் பற்றி. தமிழ் படித்தவன் என்பதால் என்னை எப்போதும் ஒரு கட்சியில் நிறுத்திவிடுகிறார்கள். எந்தக் கட்சி ஜெயித்தாலும் வகுப்பில் நடப்பது என்ன? நான் படித்த பள்ளியில் ஆங்கில வாத்தியார் ஒரு வரி வாசிப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். அர்த்தம் நோட்ஸில் இருக்கும். மாட்டைப் பற்றிய கட்டுரையை ஒப்பித்தோம். எங்கள் வீட்டு மாட்டைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னால் முடியாது. பக்கத்துத் தனியார் பள்ளியில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். ஆங்கிலம் சொல்லித்தருவதாக நினைத்து, அதற்கு இருந்த ஒரே கைப்பிடியையும் அபராதம் போட்டுப் பிடுங்கினார்கள்.

நண்பர்களோடு பசுமலைப் பக்கம் சில ஆண்டுகள் மாலை வகுப்பு நடத்தினேன். மலை மேலே நட்சத்திர விடுதி, கீழே மில் தொழிலாளர் பிள்ளைகள். முதல் வாரம் புத்தகத்தைத் திறந்து தோற்றேன். பிறகு, வீட்டில் புழங்குகிற இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லுங்க என்றேன். ஷிப்ட், பாபின், ஓவர்டைம், போனஸ், ஸ்டிரைக், லீவு, மெமோ. அப்பாமார் மில்லிலிருந்து தூக்கிட்டு வந்த சொற்கள். பலகை நிறைந்துவிட்டது. தமிழில் ஒரே ‘ப’வுக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து என்பதை ‘பாபினை’யும் ‘பம்பை’யும் வைத்தே காட்டினேன். ‘அப்பா மில்லுக்குப் போனாரு’ என்ற வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, அங்கே நடுவில் வருகிறது. நமக்கு ‘கு’ பின்னால் ஒட்டுகிறது, அவர்களுக்கு அது தனியாக முன்னால் நிற்கிறது. எம்.ஏ.வில் படித்த வேற்றுமை உருபு அன்றைக்குத்தான் எனக்கே உபயோகப்பட்டது. கதையை முதலில் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் வாசித்தால், பின்பெஞ்சு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மடித்த காகிதம் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பாவுக்கு வேலையிடத்தில் கொடுத்தது, முழுக்க ஆங்கிலம். தெருவில் யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள்; ஆனால் அவர் நம்பவில்லை. “அண்ணே, நீங்க படிக்க வேணாம். இந்த மூணு வார்த்தைக்கு மட்டும் தமிழ் சொல்லுங்க, மிச்சத்த நானே பாத்துக்கிறேன்” என்றாள். அகராதியை அவள் பக்கம் தள்ளினேன். மற்றவர்களும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அன்றைய வகுப்பு அந்தக் காகிதம்தான். முடியும்போது மணி எட்டரை தாண்டிவிட்டது.