தூளித் தராசு

1988-இல் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கும் கிராமங்களுக்கு நான் செவிலியாகப் போனபோது, பையில் ஒரு கொக்கித் தராசும் துணித் தூளியும் இருந்தன. பிறந்த பிள்ளையைத் தூளியில் போட்டுத் தூக்கினால் கிழவிகளுக்கு ஆகாது. "கறியா நிறுக்குறீக? கண்ணு பட்டுரும் நர்சம்மா" என்பார்கள்.

அவர்களுடைய கணக்கு வேறு. பிள்ளை ஒண்ணுக்குப் போச்சா என்பதுதான் முதல் கேள்வி. அதில் அவர்கள் கெட்டிக்காரிகள். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு நாளுக்குள் போய்விடும். இரண்டு நாள் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் அதற்குள் சீனித்தண்ணி தொட்டு வைப்பார்கள், சில வீடுகளில் கழுதைப்பால். பச்சைப்பிள்ளையின் சிறுநீரகத்துக்குப் பெரியவர்களைப் போல் சிறுநீரைச் சுண்ட வைக்கவும் தெரியாது, கூடுதல் தண்ணீரைச் சட்டென்று தள்ளவும் தெரியாது. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியது.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் தனிக் கவனிப்பு என்பதற்கு மேல் எடையைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் வீடுகளில், வலி எடுக்கும்வரை தறியடியில் நின்ற பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இரண்டு கிலோப் பிள்ளைகள் பிறந்தால் எழுதிக்கொண்டு வருவேன்.

அதே 1988-இல் அமெரிக்காவில் பாரி பிரென்னரும் கூட்டாளிகளும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிகளான நெஃப்ரான்கள் கர்ப்பத்தின் 36-ஆவது வாரத்தோடு உருவாகி முடிகின்றன. பிறகு ஒன்றுகூடப் புதிதாக வராது. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் என்பார்கள். 2 லட்சத்தோடு பிறப்பவரும் உண்டு. எடை குறைந்து பிறக்கும் பிள்ளைக்கு வடிகட்டியும் குறைவாக இருக்கும், குறைவாக வாங்கி வந்தவருக்கு உப்பைத் தள்ள ரத்த அழுத்தம் ஏற வேண்டியிருக்கும் என்பது அவர்கள் வாதம். 2003-இல் ஜெர்மனியில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களில் நெஃப்ரான்களை எண்ணிப் பார்த்தார்கள். பிரஷர் இருந்தவர்களிடம், இல்லாதவர்களுக்கு இருந்ததில் பாதியளவே இருந்தன.

இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் இதய நோயின் வேரைப் பிறப்பெடையில் தேடியபோது கைகொடுத்தவை, ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் எதெல் மார்கரெட் பர்ன்சைடின் கீழ் செவிலியர்கள் எழுதிய பிறப்பெடைப் பேரேடுகள். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில் 1934 முதல் எழுதியவையும் பின்னாளில் ஆய்வுக்கு வந்தன. இதையெல்லாம் படித்தபோது, செவிலியான எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

2021-இல் வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வந்தபோது, தன்னார்வலப் பெண்ணோடு ஒரு வீட்டுக்குப் போனேன். முப்பத்திரண்டு வயதுப் பையன், பிரஷர் 160/100. "எங்க பரம்பரையே அப்படித்தான் நர்சம்மா" என்றாள் அவன் அம்மா. பரம்பரை என்றால் ரத்தம் மட்டுமில்லை. கர்ப்பத்தில் தாய்க்கு அழுத்தம் ஏறினால் பிள்ளைக்குப் போகும் ரத்தம் குறையும், பிள்ளை சிறுக்கும், வடிகட்டியும் குறையும். வயிறு வழியாகவும் சொத்து இறங்கும்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டைப் புரட்டினேன். 1989, ஆண், 1.8 கிலோ. என் கையெழுத்துதான். பக்கத்தில் தாயின் பிரஷருக்கான கட்டம் காலியாக இருந்தது. அந்த வருஷம் எனக்குக் கொடுத்திருந்த கருவியில் ரப்பர் குழாய் ஓட்டை.