மரண சாசனமும் பட்டணத்து எல்லையும்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் முன்னோர் விட்டுச்சென்ற நிலமும், சென்னைப் பட்டணத்தில் தாம் தேடிய வீடும் உடைய ஒருவர், இரண்டையும் ஒரே மரண சாசனத்தில் தம் மக்களுக்கு எழுதிவைத்தாரென்று கொள்வோம். நெடுங்காலமாகச் சட்டம் அந்த ஒரு காகிதத்தை இரண்டாகப் பிளந்து நோக்கிற்று. ஏரிக்கரை நிலத்தைப் பொறுத்தமட்டில் அது எழுதியபடியே செல்லும். பட்டணத்து வீட்டைப் பொறுத்தமட்டிலோ, நியாயஸ்தலத்தார் அச்சாசனம் மெய்யென்று கண்டு முத்திரையிட்டுக் கொடுக்கும் புரோபேட் இல்லாமல், மக்கள் தங்கள் உரிமையைக் கோர்ட்டில் நிலைநாட்டுதல் இயலாது. இவ்வேற்றுமை எங்ஙனம் உண்டாயிற்று, எப்பொழுது நீங்கிற்று, நீங்கியபின் நாம் செய்யத்தக்கது யாது என்பதை நம் சங்கத்தார் அறிதல் அவசியம்.

பண்டைய இந்து தர்ம நூல்களில் மரண சாசனம் என்பதொன்று இல்லை. ஐக்கிய குடும்பத்தில் ஒருவர் இறந்தால் எஞ்சினோர் சொத்தைக் கொண்டனர். எழுதிவைக்கவேண்டிய தேவை எழவில்லை. ஆங்கிலேயரின் வர்த்தகம் பட்டணத்தில் பெருகி, துபாஷிகளும் வியாபாரிகளும் சுயார்ஜிதமாகப் பெரும்பொருள் திரட்டிய பின்னரே இவ்வழக்கம் வேரூன்றிற்று. 1829-ஆம் ஆண்டின் ஐந்தாவது சென்னை ரெகுலேஷன், இந்துக்களின் உயில் இந்து சட்டத்துக்கு இசைந்த அளவே செல்லுமென்று வரையறுத்தது.

உயில் எழுதிவிட்டால் மட்டும் குடும்பம் வழக்கினின்று தப்புமோ எனின், தப்பாது என்பதற்குப் பச்சையப்ப முதலியாரின் சரித்திரமே சான்று. நம் ஊருக்கு வடக்கே பெரியபாளையத்தில் 1754-இல் எளிய குடியிற் பிறந்து, துபாஷியாகிப் பெருஞ்செல்வம் ஈட்டிய அவ்வள்ளல், 1794-இல் இறக்குமுன் தம் பொருளைத் தர்மத்துக்கென்று சாசனம் எழுதிவைத்தார். சாசனம் இருந்தது, தர்மமோ நடைபெறவில்லை. சொத்தின்மீது வழக்குகள் எழுந்து ஆண்டுகள் பல கழிந்தன. முடிவில் அரசாங்க வக்கீல்களின் முயற்சியாலும் சுப்ரீம் கோர்ட்டின் தலையீட்டாலும் பொருள் காக்கப்பட்டு, சேர்ந்திருந்த உபரித்தொகையைக் கொண்டு 1842-இல் பள்ளிக்கூடம் தோன்றிற்று. எழுதியவர் மறைந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள்! இன்று கல்லூரியாய் விளங்கும் அத்தர்மத்தைப் போற்றும் நாம், இடையிற் கழிந்த காலத்தையும் நினைவிற்கொள்ளல் தகும்.

இத்தகைய குழப்பங்களைத் தவிர்க்கவே 1870-இல் இந்து உயில் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதிக்குப்பின் சென்னை, பம்பாய் நகரங்களிலும் வங்காளத்திலும் எழுதப்படும் உயில்கள், எழுத்து, கையொப்பம், சாட்சி ஆகியவற்றோடு கூடியிருத்தல் வேண்டும், புரோபேட்டும் பெறவேண்டும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் இவ்விதியைத் தன் 213-ஆம் பிரிவில் மேற்கொண்டது. சென்னை ஹைக்கோர்ட்டின் ஆதி அதிகார எல்லைக்கு அப்பாற்பட்ட பருத்திப்பட்டில் எழுதிய உயில், அவ்வெல்லைக்குள்ளிருக்கும் ஸ்திர சொத்தைத் தொட்டாலன்றிப் புரோபேட்டுக்கு உட்படவில்லை. ஆயினும் 1927 ஜனவரி முதல், எவ்வூரில் எழுதினும் இந்துக்களின் உயிலுக்கு எழுத்தும் சாட்சியும் இன்றியமையாதனவாயின.

முகமதியருக்கு இக்கட்டாயம் என்றும் இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவருக்கு 2002-இல் நீங்கிற்று. இறுதியாக 2025 டிசம்பரில் பார்லிமெண்டு 213-ஆம் பிரிவையே அகற்றிவிட்டது. பட்டணத்துக்கும் பருத்திப்பட்டுக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் நின்ற சுவர் இங்ஙனம் வீழ்ந்தது.

இனிக் கவலையில்லை என்று எண்ணுவோர் ஏமாறுவர். புரோபேட் பெறவேண்டுமென்ற நிர்ப்பந்தம் போயிற்றேயன்றி, உயிலை மெய்ப்பிக்கவேண்டிய பாரம் போகவில்லை. ஒருவர் மறுத்து நின்றால், கையொப்பமிட்ட இரு சாட்சிகளுள் ஒருவரேனும் உயிரோடிருந்து கூற வல்லவராயின் கோர்ட்டுக்கு வந்து சொல்லவேண்டும். ஆதலின் தம்மினும் இளையவரும், சொத்தில் பங்கு பெறாதவருமாகிய சாட்சிகளையே தேர்ந்தெடுத்தல் நன்று. உயிலை ரிஜிஸ்டர் செய்தல் கட்டாயமன்று. செய்தால் பிற்காலத்து ஐயங்கள் குறையும்.

நியாயஸ்தலத்தின் வாயிலையே மிதியாதிருக்க விரும்புவோருக்கு வேறு வழிகளும் உள. தகப்பனார் இருக்கும்போதே பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்யலாம். செட்டில்மெண்டு சாசனத்தால் உரிமையை உடனே மாற்றலாம். அப்பொழுது இறந்தபின் கைமாறவேண்டுவது ஒன்றுமில்லை. ஆனால் உயிலைப்போல் அதை நினைத்தபோது திருப்பிக்கொள்ள இயலாது. வீட்டையும் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கும் உரிமையற்று நிற்கும் முதியோரை நாம் கண்டதில்லையா? ஆகையால், தாமும் தம் மனைவியாரும் ஆயுள்பரியந்தம் அனுபவிக்கும் உரிமையையும், பெறுவோர் தம்மைப் போஷிக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் அச்சாசனத்திலேயே எழுதுக. அந்நிபந்தனை எழுதப்பட்டு மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டின் மூத்தகுடிமக்கள் சட்டம் துணைநிற்கும்.

வங்கியில் நியமனதாரராகக் குறிக்கப்பட்டவர் பணத்தைப் பெறும் கையேயன்றி உடையவர் அல்லர் என்று 2010-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது. ஒருவர் பெயரை அங்கே குறித்துவிட்டதால் ஏற்பாடு முடிந்ததென்று அமைதல் கூடாது.

இன்னுமொன்று சொல்லாதிருக்கலாகாது. நம் குடும்பங்களில் உயில் பெரும்பாலும் பெண்மக்களுக்குத் தெரியாமலே எழுதப்படுகிறது. பிதிரார்ஜித சொத்தில் மகனையொத்த பிறப்புரிமை 1989-இல் தமிழ்நாட்டில் மணமாகாத பெண்களுக்கும், 2005-இல் நாடெங்கும் பெண்மக்கள் யாவருக்கும் கிடைத்துவிட்டது. தகப்பனார் உயிலால் அளிக்கக்கூடியது தம் பங்கையே; மகளின் பங்கை அன்று. அவளை மறைத்து எழுதிய காகிதமே பிற்காலத்தில் அண்ணன் தங்கையரைக் கோர்ட்டில் எதிரெதிரே நிறுத்துகின்றது. சாசனத்தை ரகசியமாக வைத்தல் எழுதுவோரின் சுதந்தரமாயிருக்கலாம். குடும்பத்தின் ஒற்றுமைக்கு அது உதவுவதில்லை.

ஆதலால், அன்பர்களே! தேகத்தில் திடமும் அறிவில் தெளிவும் உள்ளபொழுதே, மனைவி மக்கள் யாவரையும் அழைத்துச் சொத்தின் விவரத்தைக் கூறி, கற்றறிந்த வக்கீலொருவரைக் கலந்து, ஏற்ற சாசனத்தை எழுதுவீராக. முத்திரையிட்ட புரோபேட்டைவிடத் தாம் உயிரோடிருந்து வாயாற் கூறி, யாவரும் கேட்டு ஒப்பியதே குடும்பத்தைக் காக்கும்.