சாகா இலக்கியமும் ஓர் இளம் வாசகனும்

மூலமொழியைக் கல்லாதவர்க்கே மொழிபெயர்ப்பு வேண்டப்படுவது என்பதும், மூலத்தைக் கற்றபின் அது பயனற்றுப்போம் என்பதும் பரவலாக நிலவும் எண்ணங்களாகும். ஆங்கில எழுத்தாளரும் மொழியறிஞருமான ஜே. ஆர். ஆர். ரொல்கீன் (1892–1973) ஐஸ்லாந்தியரின் சாகாக்களைக் கண்டடைந்த வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வெண்ணங்கள் மீளாய்வுக்குரியன என்பது புலனாகும்.

ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, பெரும்பாலும் நோர்வேயிலிருந்து சென்றோர் ஐஸ்லாந்திலே குடியேறினர். 930 அளவில் அல்திங் என்னும் பொதுச்சபையையும் நிறுவினர். அவர்தம் வழித்தோன்றல்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே முன்னோர் கதைகளை உரைநடையில் எழுதிவைத்தனர். ஐரோப்பியக் கல்வியுலகிலே இலத்தீன் கோலோச்சிய அக்காலத்தில், அவர்கள் தாய்மொழியிலேயே எழுதியமை குறிப்பிடத்தக்கது. 'சாகா' என்பது 'சொல்லப்படுவது' எனப் பொருள்படும். நியால் சாகா போன்றவை குடியேறிய குடும்பங்களின் பகைமையையும் வழக்குகளையும் கூறுவன. வொல்சுங்கா சாகாவோ பழமரபு வீரரைப் பற்றியது. பாஃப்னிர் என்னும் பெருநாகத்தைக் கொன்று சாபத்துக்குள்ளான பொன்னைக் கவர்ந்த சிகுர்ட் என்பான் அதன் தலைமை மாந்தருள் ஒருவன். ஏறத்தாழ 1400 இல் எழுதப்பட்ட ஒரேயொரு தோற்சுவடியின் வாயிலாகவே இச்சாகா பிற்காலத்தார்க்குக் கிடைத்தது.

1862 இல் இங்கிலாந்துக்கு வந்த எய்ரீக்கூர் மக்னூசன் என்னும் ஐஸ்லாந்தியரிடம், 1868 இல் கவிஞர் வில்லியம் மொறிஸ் அம்மொழியைக் கற்கத் தொடங்கினார். எய்ரீக்கூர் சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்த்துக் கொடுக்க, மொறிஸ் அதனைப் பழமைச் சாயல் வாய்ந்த ஆங்கில நடையில் அமைத்தார். இவ்வாறு இருவரும் இணைந்து ஆக்கிய வொல்சுங்கா சாகா 1870 இல் வெளிவந்தது. இருபது ஆண்டுகளின் பின்னர் அன்ட்ரூ லாங், அதனைச் சுருக்கிச் சிறுவர்க்கான தமது 'செந்நிறத் தேவதைக்கதை நூல்' என்னும் தொகுப்பிலே சேர்த்தார்.

சிறுவனான ரொல்கீனின் உள்ளத்தைக் கவர்ந்தது அச்சுருக்கமே. மொழிபெயர்ப்பின் சுருக்கம் என்பதால், அது மூலத்துக்கு இருபடி அப்பாற்பட்டது. ஆயினும் அதுவே அவனைப் பழைய ஐஸ்லாந்திய மொழியின்பால் ஈர்த்தது. பேர்மிங்ஹாமிலே பள்ளி மாணவனாயிருந்தபோதே சிகுர்ட்டின் கதையை வரிவரியாக மூலத்தில் வாசித்தான். 1911 இல் பள்ளி இலக்கியச் சங்கத்திலே சாகாக்கள் பற்றிக் கட்டுரையும் படித்தான். 1914 இல் ஒக்ஸ்போர்டிலே மாணவராயிருந்தபோது பெற்ற ஐந்து பவுண் பரிசுப் பணத்திற் பிற நூல்களோடு மேற்கூறிய மொழிபெயர்ப்பையும் அவர் வாங்கினார். மூலத்தை அறிந்த பின்னரும் மொழிபெயர்ப்பு அவருக்குத் தேவைப்பட்டமை ஈண்டு உற்றுநோக்கத்தக்கது. மூலம் பொருளைத் தந்தது. அப்பொருள் தம் தாய்மொழியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை மொழிபெயர்ப்பு காட்டியது எனலாம்.

பின்னர் பேராசிரியரான ரொல்கீன், 1926 இல் சாகாக்களை மூலத்திலேயே வாசிப்பதற்கென ஒக்ஸ்போர்டிலே ஒரு குழுவைத் தொடக்கினார். குளிருக்கஞ்சித் தீயை ஒட்டியமர்ந்து 'கரியைக் கடிப்போர்' என்னும் பொருளில் அதற்கு ஐஸ்லாந்தியப் பெயரும் இடப்பட்டது. சி. எஸ். லூயிஸ் அதன் உறுப்பினருள் ஒருவர். ஒரு சிறுவனின் தனி வாசிப்பு இவ்வாறு அறிஞர் குழுவொன்றின் கூட்டு வாசிப்பாக வளர்ந்தது.

எனினும் இவ்வரலாற்றிலே மங்கிப்போன பெயரொன்றுண்டு. 1870 ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்பிலே எய்ரீக்கூரின் பெயர் முதலாவதாகவும் மொறிஸின் பெயர் அடுத்ததாகவும் அமைந்திருந்தன. லாங் தமது முன்னுரையிலே மொறிஸை மட்டுமே குறிப்பிட்டார். பிற்காலத்தவர் பலரும் அதனை 'மொறிஸின் மொழிபெயர்ப்பு' என்றே வழங்கினர். பெருமொழியிற் புகழ்பெற்ற கவிஞரின் பெயர் நிலைக்க, சிறுமொழியிலிருந்து அச்செல்வத்தைச் சுமந்து வந்தவரின் பெயர் உதிர்ந்தது. மொழிபெயர்ப்பின் பயனைப் போற்றுவோர் அப்பயனை விளைவித்த உழைப்பையும் போற்றுதல் வேண்டும். இளம் வாசகர் ஒருவர் அயல்மொழி இலக்கியமொன்றின் வாயிலை அடையும்போது, அக்கதவைத் திறந்து வைத்தவர் யார் என வினவுதலும் வரலாற்றுக் கல்வியின் பாற்பட்டதேயாகும்.