ஆற்றுக்கு ஐந்து கிலோமீட்டர், சேரிக்கு எவ்வளவு?



சேலம், நாமக்கல் சமவெளியில் ஆறு என்றதும் காவிரிதான் நினைவுக்கு வரும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் அருகே ரசாயன ஆலைகள் வந்தன. கீழே குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் சாயப்பட்டறைகள் பெருகின. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தின் சாக்கடையைச் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் கலக்கிறது. இந்த ஆறுகளைக் காக்க அரசு போட்ட விதிகளைச் சேரியில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது என்பதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைக்கப்பட்டது. 1989 மார்ச் 30 அன்று சுற்றுச்சூழல், வனத்துறை அரசாணை எண் 213ஐ வெளியிட்டது. ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழில்களைத் தொடங்கக் கூடாது என்றது அந்த ஆணை. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அதற்கு வலுச்சேர்த்தது. 1998 மே மாதம் வந்த அரசாணை எண் 127, காவிரியும் அதன் துணையாறுகளும், பாலாறு, பெண்ணையாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கு அந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டராக உயர்த்தியது.

இவை நல்ல ஆணைகள். இவற்றைக் கைவிடச் சொல்லி அவ்வப்போது எழும் குரல்களை நாம் எதிர்க்க வேண்டும். அதே சமயம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். இவ்விரு ஆணைகளும் தூரத்தை ஆற்றிலிருந்து அளக்கின்றன. ஆற்றிலிருந்து ஆறாவது கிலோமீட்டரில் ஒரு பட்டறை வந்தால் அதன் கழிவு எந்த ஓடையில் இறங்கும்? எந்தத் தெருவின் கிணற்றுக்குப் போகும்? நம் ஊர்களில் பலவற்றில் ஓடை இறங்கும் பள்ளத்தில்தானே சேரி இருக்கிறது!

சேரி அங்கே தற்செயலாக அமையவில்லை. தூரத்தை அளந்து ஆட்களை வைப்பதில் சாதிக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். ஆற்றில் ஊர்த்துறை மேலே, சேரித்துறை கீழே. ஊர் குளித்து விட்ட நீர்தான் நமக்கு. மண்டலம் பிரிக்கும் விதியைச் சாதி நம்மீது எழுதிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன.

வெள்ளைக்காரர் ஆட்சி இந்தப் பிரிவினையைப் பதிவேட்டில் ஏற்றியது. 1792இல் பாரமகாலும் சேலமும் திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறையை இந்த மண்ணில்தான் சோதித்துப் பார்த்தார்கள். வரி கட்டுபவன் பெயரில் பட்டா வந்தது. அவன் நிலத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆற்றுப்படுகையையும் ஓடையையும் அரசின் சொத்து என்றது. பட்டா இல்லாமல் ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு பி மெமோ வந்தது. இன்றும் ‘நீர்நிலை ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்றவுடன் முதலில் நடுங்குவது அந்தக் குடிசைதான்.

நீருக்கான நமது போராட்டமும் பழையது. பொதுச் சாலை, பொதுக்கிணறு, குளம் யாவும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கி நீரருந்தினார். அன்று கேட்டது நீரைத் தொடும் உரிமை. இன்று தொடக்கூடிய நீர் மிஞ்சியிருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து நொய்யலைப் பாருங்கள். அதுவும் காவிரியின் துணையாறுதான். திருப்பூர் சாயக்கழிவுக்கு எதிராக நீதிமன்றம் போனவர்கள் ஆயக்கட்டுதாரர்கள். அவர்களின் போராட்டம் நியாயமானது. ஆனால் பயிர் அழிந்ததற்கான இழப்பீடு நிலத்தின் கணக்கில், நிலம் உள்ளவருக்குப் போனது. அதே வயலில் களையெடுத்துப் பிழைத்தவரின் இழப்பை அளக்க அளவுகோல் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது கூலி இழந்தவர்களும் தொழிலாளர்கள்தான். ஆறு கெட்டாலும் ஆலை மூடினாலும் நிலமற்றவர் வயிற்றில்தான் அடி விழுகிறது.

இப்போது ஒரு தேதியை நினைவில் வையுங்கள். அரசாணை 213 வந்த அதே 1989ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நிறைவேறியது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் ஊற்று, நீர்த்தேக்கம் அல்லது வேறு நீராதாரத்தைப் பயன்படுத்தத் தகாதபடி கெடுப்பது வன்கொடுமை என்கிறது அச்சட்டம். ஒரு சட்டம் ஆற்றை அளக்கிறது. இன்னொன்று அந்த நீரைக் குடிப்பவர் யார் என்று கேட்கிறது. முதலாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோப்பிலும் இரண்டாவது காவல் நிலையத்திலும் கிடக்கின்றன. சேர்த்துப் படிக்க வேண்டியவர்கள் நாம்.

மாணவர்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்கிறேன். ஒன்று, உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளுக்கு வாரியம் கொடுத்த இசைவாணையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். ஆற்றிலிருந்து தூரத்தைப் பார்ப்பதோடு, சேரிக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் நீங்களே அளந்து எழுதுங்கள். இரண்டு, அந்தக் கிணற்று நீரைச் சோதித்து முடிவைக் கிராம சபையில் வையுங்கள். தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். மூன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு அந்தத் தாளை அனுப்புங்கள்.

ஆற்றைக் காக்கும் விதி வேண்டும். ஐந்து கிலோமீட்டரும் வேண்டும். அடுத்து எழுதப்படும் விதியில் அளவு நாடாவின் ஒரு முனை சேரிக் கிணற்றடியில் இருக்க வேண்டும். அதுவரை மண்டலம் பிரிப்பவர்களிடம் நம் ஊர்களின் வரைபடத்தை நாம்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஜெய்பீம்.